பிரெஞ்சுக் கன்சோல் மேசை: முத்திரையோடு நின்றுவிடும் தவறு

பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்ததாகச் சொல்லப்படும் பிரெஞ்சுக் கன்சோல் மேசை (சுவரை ஒட்டி நிறுத்தும் அலங்கார மேசை) ஒன்று விலைக்கு வந்தால், வாங்க நினைப்பவர் முதலில் குனிந்து மேசையின் மரச்சட்டத்தின் அடியில் தச்சரின் பெயர் முத்திரை இருக்கிறதா என்றுதான் தேடுகிறார். தேடுவதில் பிழையில்லை. கிடைத்த பெயரோடு ஆராய்ச்சியை முடித்துக்கொள்வதும், பெயர் கிடைக்காவிட்டால் மேசையைப் போலி என்று ஒதுக்கிவிடுவதுமே பெரும் தவறுகள்.

பாரிஸ் தச்சர் சங்கம் 1743இல் வகுத்து, 1751இல் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி, தலைமைத் தச்சர் ஒவ்வொருவரும் தம் பெயர் பொறித்த இரும்பு முத்திரையைத் தாம் செய்த பொருளில் அடிக்க வேண்டியிருந்தது. சங்கத்தின் ஆய்வாளர்கள் வேலையைப் பார்த்துத் திருப்தி அடைந்தால் ஜே, எம், இ என்ற மூன்று எழுத்துகளை அருகில் பதித்தனர். ஆயினும் அரசருக்காகப் பணிபுரிந்தவர்களையும், செயின்ட் அந்துவான் புறநகர் போன்ற சலுகைப் பகுதிகளில் தொழில் செய்தவர்களையும் இவ்விதி கட்டுப்படுத்தவில்லை. 1791இல் சங்கங்களே கலைக்கப்பட்டன. ஆகவே முத்திரை இல்லாத நேர்மையான மேசைகள் உண்டு. முத்திரை இருந்தாலும், அது பிற்காலத்தில் பழுது பார்த்தவருடையதாகவோ, விற்ற வணிகருடையதாகவோ இருக்கலாம். விலையை உயர்த்தப் பின்னாளில் அடித்த போலியாகவும் இருக்கலாம்.

அடுத்த தவறு, மேசை முழுவதையும் ஒரே மனிதரின் படைப்பாக எண்ணுவது. அன்றைய பாரிசில் திடமரத்தில் வேலை செய்த தச்சர் வேறு, மெல்லிய வெனீர்த் தகடு ஒட்டிய தளவாடங்களைச் செய்த 'எபெனிஸ்த்' எனப்படும் தச்சர் வேறு. செதுக்கித் தங்க ரேக்கு ஒட்டிய கன்சோலில் திடமரத் தச்சர், செதுக்குபவர், ரேக்கு ஒட்டுபவர் என்று பலரின் கைகள் சேர்ந்தன. அத்தகைய மேசைகளில் முத்திரை காண்பது அரிது. மகோகனி மர மேசையிலோ வெண்கல அணிகளை வார்த்தவர் ஒருவர், அவற்றுக்குப் பொன் பூசியவர் இன்னொருவர். ஜோர்ஜ் ஜாக்கோப் திடமரத் தச்சர், நாற்காலிகளுக்குப் பேர்பெற்றவர். ழான் ஆன்ரி ரீஸ்னர், குளோத் ஷார்ல் சோனியே, ஆதாம் வைஸ்வைலர் ஆகியோர் எபெனிஸ்துகள். எனவே செதுக்கித் தங்கமிட்ட கன்சோலை ரீஸ்னருடையது என்று யாரேனும் சொன்னால், உடனே ஆதாரம் கேட்க வேண்டும்.

காலத்தைக் கணிப்பதிலும் அவசரம் கூடாது. பிரெஞ்சு மன்னர் பதினாறாம் லூயி அரியணை ஏறியது 1774இல் என்றாலும், ஹெர்குலேனியம், பொம்பெய் ஆகிய பண்டைய ரோமானிய நகரங்களின் அகழாய்வுகள் தூண்டிய நேர்க்கோட்டு ரசனை 1760களிலேயே பாரிஸ் பட்டறைகளுக்குள் வந்துவிட்டது. வரிப்பள்ளம் இட்ட நேரான கால்களையும் லாரல் மாலைகளையும் மட்டும் கண்டு, மேசை 1774க்குப் பிந்தியது என்று சொல்லிவிட முடியாது. எதிர்ப்புறத்தில், ஆன்ரி தாசோன், பிரான்சுவா லின்க் போன்ற பிற்காலப் பட்டறைகள் அதே பாணியில் மிக உயர்ந்த வேலைத்திறனுடன் மேசைகள் செய்தன. அவை தம்மளவில் மதிப்புள்ளவை. ஆனால் மூல காலத்தின் விலைக்கு வாங்கத்தக்கவை அல்ல. பிரான்சில் 1981ஆம் ஆண்டு ஆணைப்படி, 'பதினாறாம் லூயி காலத்தது' என்று எழுதித் தருபவர் காலத்துக்குப் பொறுப்பேற்கிறார். 'பதினாறாம் லூயி பாணி' என்பதில் அந்த உறுதி இல்லை. ஆவணத்தில் உள்ள இந்த ஒற்றைச் சொல்லைப் படிக்காமல் பணம் கொடுப்பவர்களை நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

மேசையின் பின்புறத்தையும் அடிப்புறத்தையும் பார்க்காமல் எதையும் முடிவு செய்யாதீர்கள். கன்சோல் சுவரை ஒட்டி நிற்பது என்பதால் பின்புறம் அலங்காரமின்றி, உளியின் தடம் தெரிய முரடாக இருப்பது இயல்பே. முன்னால் மட்டும் கால்கள் கொண்டு சுவரில் பொருத்தப்பட்ட மேசைகளுக்குத் தனித்து நிற்பதற்காகப் பின்னர்க் கால்கள் சேர்க்கப்பட்டிருக்கலாம். அவற்றின் மரமும் தேய்மானமும் முன்கால்களோடு ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். கையால் அறுத்த பழைய வெனீர் தடித்தும் சற்றுச் சமனற்றும் இருக்கும். அடிமரத்தில் வட்ட ரம்பத்தின் வளைந்த கீறல்கள் தெரிந்தால், அந்தப் பகுதி பிற்காலத்தது என்று கருதலாம். வெண்கலத்தின் பொன்பூச்சு மின்முலாம் என்றால், அந்தப் பூச்சு 1840ஐ ஒட்டியோ அதற்குப் பின்னரோ வந்தது. ஆனால் தங்கத்தைப் பாதரசத்தில் கலந்து பூசிச் சூடாக்கும் பழைய பாதரசப் பூச்சு மட்டுமே பழமைக்குச் சான்றாகாது, நல்ல நகல்களிலும் அது உண்டு.

வாங்கிய பின் நேரும் சேதங்கள் பல சரிசெய்ய முடியாதவை. தங்க ரேக்கின் அடியில் இருப்பது விலங்குப் பசையில் குழைத்த வெண்சுண்ணப் பூச்சு. ஈரத்துணியால் துடைத்தால் பசை கரைந்து தங்கமும் துணியோடு வந்துவிடும். தேய்ந்த இடத்தில் கடைப் பொன்வண்ணம் தீட்டினால் சில ஆண்டுகளில் அது பழுப்பாகக் கறுத்துவிடும். பாதரசப் பூச்சைப் பித்தளை மெருகுப் பசையால் தேய்ப்பது, எத்தனையோ தொழிலாளர்கள் நச்சுப்புகையைச் சுவாசித்து இட்ட மெல்லிய தங்கத்தைச் சுரண்டி எறிவதாகும். இடம் மாற்றும்போது பளிங்குப் பலகையை முதலில் கழற்றுங்கள். அதைப் படுக்கையாகத் தூக்காமல், இருவராக, விளிம்பு கீழிருக்கும்படி நிமிர்த்திச் சுமந்து செல்லுங்கள். படுக்கையாகத் தூக்கிய பளிங்கு, தன் எடையாலேயே பழைய விரிசலில் இரண்டாக உடைந்துவிடக்கூடும்.