‘முதல்ல ஈறைச் சரி பண்ணுவோம், அப்புறம் பார்ப்போம்’

என் கிளினிக்கில் இப்போது இரண்டு இளம் பல் மருத்துவர்கள் இருக்கிறார்கள். போன மாதம் ஒரு மத்தியானம், தக்கலைப் பக்கத்திலிருந்து வந்த ஐம்பத்தெட்டு வயதுக்காரரை நாற்காலியில் சாய்த்துவைத்துவிட்டு அவர்களில் ஒருவர் சொல்லிக்கொண்டிருந்தார்: “அங்கிள், பல்லுல படிஞ்ச இந்தக் காரையை எடுக்கலைன்னா புராஸ்டேட்ல கேன்சர் வரும். ஆராய்ச்சியிலயே வந்திருக்கு.” (புராஸ்டேட், ஆண்களுக்கு மூத்திரப்பைக்கு அடியில் இருக்கிற சுரப்பி.) நாற்காலியில் இருந்தவர் வாயில் பஞ்சு. கேள்வி கேட்கக்கூட வழியில்லாமல் கண்ணை மட்டும் என் பக்கம் திருப்பினார்.

எட்டொன்பது வருடத்துக்கு முன்னால் நான் பேசிய பேச்சு அது. தொனிகூட மாறவில்லை. அதனால்தான், இளம் பல் மருத்துவர்களுக்காக, ஈறு விஷயத்தில் நாம் செய்கிற தவறுகளை எழுதுகிறேன். கையுறை, கருவிச் சுத்தம், எக்ஸ்ரே பார்க்காமல் கை வைப்பது எல்லாம் கல்லூரியிலேயே திட்டு வாங்கித் தெரிந்திருக்கும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

14 சதவீதத்தைத் தூக்கிக்கொண்டு திரிவது

இந்தப் பேச்சுக்கெல்லாம் பெரிய வேர் 2008-இல் லான்செட் ஆன்காலஜி இதழில் வந்த ஹார்வர்டு ஆய்வு. அமெரிக்காவில் மருத்துவம் சார்ந்த வேலை பார்த்த 48,375 ஆண்களைப் பல வருடம் தொடர்ந்து பார்த்தார்கள். (அந்தக் கூட்டத்தில் பாதிக்கு மேல் பல் மருத்துவர்கள். நம் ஆட்களுக்கே ஈறு நோய்!) ஈறு நோய் இருந்தவர்களுக்குப் புற்றுநோய் வாய்ப்பு மொத்தத்தில் 14 சதவீதம் கூடுதல் என்று வந்தது. தனித்தனியாகப் பார்த்தபோது தெளிவாகக் கூடியவை நுரையீரல், சிறுநீரகம், கணையம், ரத்தம் ஆகியவற்றின் புற்றுநோய்கள். புராஸ்டேட் அந்தப் பட்டியலில் இல்லை. புகையே பிடிக்காதவர்களை மட்டும் பிரித்து எடுத்தால், நுரையீரல் கணக்கும் காணாமல் போனது. ஈறையும் நுரையீரலையும் சேர்த்துக் கெடுத்தது சிகரெட்தான் போலிருக்கிறது.

பிறகு வந்தவற்றில், தென்கொரியக் காப்பீட்டுப் பதிவுகளை வைத்துச் செய்தது உட்பட, சில ஆய்வுகள் புராஸ்டேட்டுக்கும் சிறிய கூடுதலைக் காட்டின. சில ஒன்றும் காட்டவில்லை. இதற்கு மேல் நோயாளியிடம் சொல்ல நம் கையில் எதுவும் இல்லை. பேச்சுக்கு, நூறு பேரில் பத்துப் பேருக்கு வருகிற நோய் 14 சதவீதம் கூடினால் பதினொன்றரையை எட்டாது. நோயாளி காதில் அது நூற்றில் பதினான்கு பேர் என்றுதான் விழும்.

“பாக்டீரியாவையே கண்டுபிடிச்சிட்டாங்களே டாக்டர்” என்றார் அந்த இளையவர். உண்மைதான். ஈறும் புராஸ்டேட்டும் இரண்டுமே நோய்ப்பட்ட 24 ஆண்களை அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் சோதித்தார்கள். 17 பேரின் புராஸ்டேட் நீரில் அவர்கள் வாயிலிருந்த கிருமிகளின் டி.என்.ஏ. இருந்தது. 2017-இல் வெளியான ஆய்வு. ஈறு ரத்தம் கசியும்போது கிருமி ரத்தத்தில் ஏறிப் போகும், போன இடத்தில் தடம் இருக்கும். அந்தத் தடம் புற்றுநோயை உண்டாக்கியதா என்பதை அந்த ஆய்வு பார்க்கவே இல்லை.

பி.எஸ்.ஏ.யை ஈறு வைத்தியத்தால் இறக்கிக் காட்டுவது

இதற்கு வருகிறேன். இன்றைக்கும் நினைத்தால் எரிச்சல் வருவது இதில்தான், என் மேலேயே.

அதே கிளீவ்லாந்துக் குழு 2015-இல் இன்னொரு ஆய்வு வெளியிட்டது. ஈறு நோயும் கூடுதல் பி.எஸ்.ஏ.யும் (புராஸ்டேட் கோளாறை அறியப் பார்க்கிற ரத்தச் சோதனை எண்) உள்ள 27 ஆண்கள். ஈறுக்கு மட்டும் வைத்தியம், புராஸ்டேட்டுக்கு ஒன்றும் இல்லை. நாலு முதல் எட்டு வாரம் கழித்துப் பார்த்தால் 21 பேருக்குப் பி.எஸ்.ஏ. இறங்கியிருந்தது, மூத்திரத் தொல்லையும் குறைந்திருந்தது. படித்ததும் எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் ராஜாக்கமங்கலம் பக்கத்திலிருந்து ஒரு ஓய்வுபெற்ற வாத்தியார் ஆடுகிற பல்லோடு வந்தார். அறுபத்து மூன்று வயது. பேச்சுவாக்கில் சட்டைப் பையிலிருந்து ஒரு லேப் சீட்டை எடுத்து நீட்டினார். பி.எஸ்.ஏ. 9.2. திருவனந்தபுரத்தில் யூராலஜிஸ்ட் பயாப்சிக்கு எழுதியிருந்தார். “ஊசி போட்டு சதை எடுப்பினுமாம். எனக்குப் பேடியா இருக்கு, டாக்டரே” என்றார். நான் அந்தப் பொன்மொழியைச் சொன்னேன்: “முதல்ல ஈறைச் சரி பண்ணுவோம், அப்புறம் பார்ப்போம்.”

நாலு தடவை உட்காரவைத்து, ஈறுக்கு அடியில் வேர் வரைக்கும் சுத்தம் செய்தேன். இரண்டு மாதத்தில் பி.எஸ்.ஏ. 6.8. மட்டிப் பழக்குலை ஒன்றைத் தோளில் வைத்துக்கொண்டு படியேறி வந்தார். வெட்கமில்லாமல் வாங்கிக்கொண்டேன். அவர் திருவனந்தபுரம் போகவே இல்லை. பதினொரு மாதம் கழித்துப் போனபோது எண் 14-ஐத் தாண்டியிருந்தது. பயாப்சியில் புற்றுநோய்.

அன்றிரவு அந்த ஆய்வை மறுபடி எடுத்துப் படித்தேன், இந்தத் தடவை முழுசாக. அந்த 27 பேருக்கும் பயாப்சி ஏற்கெனவே முடிந்திருந்தது. அவர்களில் 15 பேருக்குப் புற்றுநோய் உறுதியானது. கணக்குப் போடுங்கள்: புற்றுநோய் இல்லாதவர்கள் 12 பேர். பி.எஸ்.ஏ. இறங்கியவர்கள் 21 பேர். அப்படியென்றால் இறங்கியவர்களில் குறைந்தது ஒன்பது பேர் புற்றுநோயை வைத்துக்கொண்டே இறங்கினார்கள். அந்தத் தாள் என்னிடம் கத்திச் சொல்லியிருக்கிறது. நான் சுருக்கத்தைப் படித்துவிட்டு வைத்தியம் பார்த்திருக்கிறேன். ஒப்பிட்டுப் பார்க்க வைத்தியம் செய்யாத இன்னொரு குழுவும் அதில் கிடையாது.

காரணம் எளிது. பி.எஸ்.ஏ. புராஸ்டேட் சுரக்கும் ஒரு புரதம். சுரப்பி வயதில் பெருத்தாலும் அழன்றாலும் மூத்திரத்தில் கிருமி வந்தாலும் ரத்தத்தில் கூடும். புற்றுநோய் வந்தாலும் கூடும். அழற்சி அடங்கினால் அதன் பங்கு இறங்கும், கட்டியின் பங்கு அப்படியே கிடக்கும். ஆரம்பப் புற்றுநோய் பெரும்பாலும் சுரப்பியின் ஓரத்தில், மூத்திரக் குழாய்க்குத் தள்ளியே தொடங்குவதால் தொந்தரவும் தெரியாது. எண் இறங்கி, மூத்திரமும் நன்றாகப் போனால், பயந்த மனிதருக்கு வேறென்ன சாக்கு வேண்டும்?

அந்தப் பதினொரு மாதம் எவ்வளவு கெடுத்தது என்று யூராலஜிஸ்ட் என்னிடம் சொல்லவில்லை. நானும் இரண்டாவது தடவை கேட்கவில்லை. வாத்தியார் கதிர்வீச்சு முடித்து நன்றாக இருக்கிறார், ஆறு மாதத்துக்கொருமுறை ஈறு காட்ட வருகிறார். ஒரு தடவைதான் அந்தப் பேச்சு வந்தது. “நீங்க ஈறத்தானே பாத்திய. ஒளிஞ்சு நின்னது நானில்லியா” என்றார். திட்டியிருந்தால் சுலபமாக இருந்திருக்கும்.

லேப் சீட்டோடு ஒருவர் வந்தால் இப்போது நான் சொல்வது: ஈறு இங்கே, பயாப்சி அங்கே, இரண்டும் இந்த மாதமே. ஒன்றுக்காக ஒன்று காத்திருக்க வேண்டாம். போன தேதியை எனக்கு போனில் சொல்லுங்கள்.

நாமே பி.எஸ்.ஏ. எழுதிக் கொடுப்பது

எழுதாதீர்கள். புராஸ்டேட்டுக்கு ஃபினாஸ்டரைடு சாப்பிடுகிறவருக்கு அந்த எண் பாதியாகக் காட்டும் என்பது நம்மில் எத்தனை பேருக்கு நினைவிருக்கும்?

ஈறு நோய்க்கு ஆன்டிபயாடிக் மட்டும் கொடுத்து அனுப்புவது

காரையை மாத்திரை கரைக்காது.

ரத்தம் வராத ஈறை நம்புவது

பீடிக்காரருக்கு ஈறில் ரத்தம் குறைவாகத்தான் கசியும். புகை ரத்தக் குழாயைச் சுருக்கிவிடும். குளச்சலில் வலை இழுக்கிறவரோ குலசேகரத்தில் ரப்பர் வெட்டுகிறவரோ, “உமிக்கரி போட்டுத் தேய்க்கேன், சொட்டு ரத்தம் கிடையாது” என்று சொன்னால் சந்தோஷப்படாமல் புரோபை (அளவு குறித்த மெல்லிய கம்பி) பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே விட்டு மில்லிமீட்டரை அளந்து பாருங்கள். மூன்று வரை சரி.

எலும்பு ஊசியைக் கேட்காமல் பல் பிடுங்குவது

ஈறுக்கும் புராஸ்டேட் புற்றுநோய்க்கும் சந்தேகமே இல்லாத உறவு வேண்டுமா? இங்கே இருக்கிறது, ஆனால் யாரும் இதை ஃபார்வர்டு செய்வதில்லை. புற்றுநோய் எலும்புக்குப் பரவியவர்களுக்கு சோலெட்ரானிக் அமிலமோ டெனோசுமாப்போ போடுகிறார்கள். எலும்பு அரிப்பதை அது தடுக்கும். ஆனால் அந்த மருந்து ஏறிய தாடையில் பல்லைப் பிடுங்கினால் சிலருக்குக் குழி ஆறாது. எட்டு வாரம் தாண்டியும் எலும்பு வெளியே தெரிந்துகொண்டு நிற்கும். 2003 முதலே எச்சரிக்கை எழுதப்படுகிறது. முதல் ஊசிக்கு முன்பே தேறாத பல்லை எடுத்து, ஈறைச் சுத்தம் செய்து ஆறவைத்துவிட வேண்டும். ஊசி தொடங்கியிருந்தால் புற்றுநோய் மருத்துவரிடம் பேசாமல் கொறடைத் தொடக்கூடாது.

கஷ்டம் என்னவென்றால், மருந்தின் பெயர் யாருக்கும் தெரியாது. திருவனந்தபுரம் ஆர்.சி.சி. புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குப் போய்வருகிறவர்கூட நம்மிடம் “மாசம் ஒருக்கா டிரிப்பு ஏத்துவினும், சத்துக்கு” என்றுதான் சொல்வார். எங்கள் பதிவுச் சீட்டில் ‘புராஸ்டேட் நோய் உண்டா’ என்று அச்சடித்திருந்த வரைக்கும் ஒருவரும் டிக் அடித்ததில்லை. தக்கலைக்காரரிடம் பயம் காட்டிய அந்த இளையவரே, அன்று சாயங்காலம் அவருக்கு போன் போட்டுப் பேசி முடித்த கையோடு, சீட்டை மாற்றி எழுதினார்: ‘மூத்திரம் போகக் கஷ்டத்துக்கு மருந்து உண்டா? எலும்புக்கு ஊசி உண்டா?’ முதல் வாரத்திலேயே ஏழு டிக்.