மலையேறி நின்றதும் சாவியைத் திருப்பாதீர்கள்

என் மனைவியின் ஊர் வால்பாறை. ஆழியாரிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவுகள். ஒன்பதாவது வளைவில் லோம்ஸ் வியூ பாயின்ட். கீழே அணை தெரியும், சில நாள் வரையாடும் நிற்கும். போகும்போதெல்லாம் அங்கே நிறுத்துவோம். இரண்டாவது கியரில் முக்கி ஏறிய வண்டியை நிறுத்திய கையோடு ஆஃப் செய்துவிட்டு இறங்கிவிடுவேன். ஐந்து வருடம் இப்படியே போனது. 92,000 கிலோமீட்டரில் என் 1.3 லிட்டர் டீசல் வண்டியின் டர்போ, அதாவது வெளியேறும் புகையின் வேகத்தில் சுழன்று இன்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளும் பாகம், நீலப் புகை விட்டது, சைரன் மாதிரி ஊளையிட்டது.

பொள்ளாச்சியில் டர்போவைக் கழற்றிய மெக்கானிக், அதற்கு ஆயில் கொண்டுவரும் சிறிய குழாயைக் காட்டினார். உள்ளே கரி கட்டிப்போயிருந்தது. "ஏனுங்கண்ணா, மலை ஏறி வந்ததும் உடனே ஆஃப் பண்ணிருவீங்களா?" என்று கேட்டார்.

டர்போவின் தண்டு நிமிடத்துக்கு 2 லட்சம் சுற்று வரை சுற்றும். பெரும்பாலான வண்டிகளில் அதைத் தாங்குவது மெல்லிய ஆயில் படலம் மட்டுமே. தண்டின் ஒரு முனை புகைபோக்கியின் கொதிக்கும் காற்றில் இருக்கிறது. பெட்ரோல் வண்டியில் அந்தச் சூடு 900 டிகிரியைக்கூடத் தாண்டும். இன்ஜினை அணைத்தால் ஆயில் பம்ப்பும் நின்றுவிடும். உள்ளே தேங்கிய ஆயில் அந்தச் சூட்டிலேயே கருகும். ஒரு நாளில் ஒன்றும் ஆகாது. கொஞ்சம் கொஞ்சமாகப் படிந்து வழியை அடைக்கும். மலை ஏறிய பிறகும், நெடுஞ்சாலையில் விரட்டி வந்து டீக்கடையில் ஒதுங்கும்போதும், ஒரு நிமிடம் வண்டியைச் சும்மா ஓடவிட்டு அப்புறம் அணையுங்கள். ஊருக்குள் மெதுவாக வந்து சேர்ந்தால் இது தேவையில்லை. காலையில் ஸ்டார்ட் செய்ததும், ஆயில் டர்போவுக்குப் போய்ச் சேருவதற்குள், ஆக்சிலேட்டரை மிதித்து உறுமவிட வேண்டாம்.

ஆயிலில் நான் செய்த தப்பும் இருக்கிறது. வண்டியின் கையேட்டில் 5டபிள்யூ-30 என்று தெளிவாக இருந்தது. "நம்ம ஊர் வெயிலுக்குக் கெட்டி ஆயில்தான் நிற்கும்" என்று ஓர் ஒர்க்‌ஷாப்பில் சொன்னதைக் கேட்டு இரண்டு முறை 20டபிள்யூ-40 ஊற்றிக்கொண்டேன். டபிள்யூவுக்கு முன்னால் இருக்கும் எண், குளிர்ந்த ஆயில் எவ்வளவு இலகுவாக ஓடும் என்பதைச் சொல்கிறது. சிறிதாக இருந்தால் ஸ்டார்ட் செய்ததும் ஆயில் டர்போவுக்கு விரைவாகப் போய்ச் சேரும். பின்னால் இருப்பது 100 டிகிரிச் சூட்டில் உள்ள கெட்டித்தன்மை. இரண்டையும் கையேடு சொல்கிறபடி எடுங்கள்.

எண் பொருந்தினால் மட்டும் போதாது, கேனின் பின்பக்கச் சிறு எழுத்தையும் படியுங்கள். டர்போ பெட்ரோல் வண்டிக்கு ஏபிஐ எஸ்பி (API SP) தரம் பாருங்கள். 2020-இல் வந்த இந்தத் தரத்தில், குறைந்த வேகத்தில் எரிபொருள் முன்கூட்டியே பற்றி பிஸ்டனை உடைக்கும் கோளாறுக்கு எதிரான சோதனையும் உண்டு. ஆயில் மட்டும் காப்பாற்றாது: ஐந்தாவது கியரில் இன்ஜின் நிமிடத்துக்கு 1,500 சுற்றில் போகும்போது முழுதாக மிதிக்காமல் கியரைக் குறையுங்கள். டிபிஎஃப் (புகையில் உள்ள கரியைப் பிடிக்கும் வடிகட்டி) உள்ள பிஎஸ்-6 டீசலுக்குச் சாம்பல் குறைந்த ஆயில் வேண்டும். கேனில் சி2, சி3 என்று போட்டிருக்கும், எது என்று கையேட்டில் பாருங்கள். சாதாரண ஆயிலின் சாம்பல் அந்த வடிகட்டியில் தங்கினால் எரிந்து போகாது. இவையெல்லாம் சரியாக இருந்தால் எந்த நல்ல கம்பெனி ஆயிலும் போதும்.

கையேடு 10,000 கிலோமீட்டர் அல்லது ஒரு வருடம் என்கிறது. மலைப்பாதை அதிகம் என்பதால் நான் 7,500-இலேயே மாற்றுகிறேன், ஆயில் பில்டரும் டிரெயின் போல்ட் வாஷரும் சேர்த்து. மாதம் இரண்டு முறை, சமதரையில், வண்டி ஆறிய பிறகு டிப்ஸ்டிக் பார்ப்பேன். மேல் கோட்டைத் தாண்டி ஊற்றக் கூடாது. இன்ஜினுக்குள் சுழலும் கிராங்க் தண்டு அடித்து ஆயில் நுரைத்துவிடும். டிபிஎஃப் வண்டியில் நீங்கள் ஊற்றாமலே அளவு ஏறியிருந்தால் டீசல் கலந்திருக்கிறது என்று பொருள். ஆயிலை உடனே மாற்றுங்கள்.

ஏர் பில்டர் மூடியின் கிளிப் சரியாக மாட்டியிருக்கிறதா பாருங்கள். உள்ளே போகும் தூசி டர்போவின் இறக்கைகளைத் தேய்த்துவிடும். பிக்கப் குறைந்து, மிதிக்கும்போது புஸ்ஸென்று காற்றுச் சத்தமும் கரும்புகையும் வந்தால் முதலில் இன்டர்கூலர் (டர்போ தள்ளும் காற்றைக் குளிரவைக்கும் பாகம்) ஹோஸைப் பாருங்கள்; கிளாம்ப் கழன்றிருக்கலாம்.

நீலப் புகை வந்தாலும் உடனே டர்போ வாங்க ஓடாதீர்கள். ஆயில் திரும்பும் குழாய் அடைத்திருந்தாலும் அதே புகை வரும். மாற்றத்தான் வேண்டும் என்றால், ஆயில் வரும் குழாயையும் புதிதாகப் போடச் சொல்லுங்கள். பழைய குழாயின் கரி புது டர்போவையும் தின்றுவிடும். ஸ்டார்ட் செய்வதற்கு முன் டர்போவின் ஆயில் துவாரத்தில் கொஞ்சம் ஆயில் விடவும் சொல்லுங்கள். பொள்ளாச்சி மெக்கானிக் இரண்டையும் நான் கேட்காமலே செய்தார்.

ஆயிலை இப்போது நானே சீல் பிரிக்காத கேனில் வாங்கிக்கொண்டு போகிறேன். ஊற்றி முடித்ததும் காலிக் கேனின் அடியை அறுத்துவிட்டுத்தான் குப்பையில் போடுகிறேன். இல்லையென்றால் அதே கேனில் போலி ஆயில் நிரம்பி இன்னொருவர் வண்டிக்குப் போய்ச் சேரும்.