பழைய லேப்டாப்பில் புது ஓஎஸ்: முதலில் உரிமத்தைப் பாருங்கள், அப்புறம் இன்ஸ்டால்

லேப்டாப் பழசாகிவிட்டால் ரேம் எவ்வளவு, ஹார்ட் டிஸ்க் எவ்வளவு என்றுதான் எல்லோரும் பார்க்கிறார்கள். உள்ளே இருக்கும் விண்டோஸ் உரிமம் எந்த வகை என்று யாரும் பார்ப்பதில்லை. நானும் பார்த்ததில்லை. விண்டோஸ் 7 காலத்து லேப்டாப் ஒன்று என்னிடம் இருந்தது. இடையில் இலவசமாக விண்டோஸ் 10-இன் ஹோம் பதிப்புக்கு மாறியிருந்தது. ரொம்ப மெதுவாகிவிட்டதே என்று ஒருநாள் மொத்தமாக அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டேன். நடுவில் ‘ஹோமா, ப்ரோவா’ என்று கேட்டது. ப்ரோ என்றால் உசத்தி என்று நினைத்து அதைத் தேர்ந்தெடுத்தேன். எல்லாம் முடிந்து பார்த்தால் திரையின் வலது கீழ் மூலையில் ‘ஆக்டிவேட் விண்டோஸ்’ என்று மங்கலாக ஒரு வாசகம். எதைத் திறந்தாலும் அதற்கு மேலேயே நின்றது. அந்த லேப்டாப்புக்கு இருந்த உரிமம் ஹோமுக்கு மட்டும்தான். மறுபடி அழித்து, மறுபடி முதலிலிருந்து.

நீங்கள் அந்த வேலையை இரண்டு முறை செய்யாமல் இருக்கத்தான் இந்த வரிசை.

படி 1: என்ன உரிமம் இருக்கிறது?

விண்டோஸ் 10-இல் செட்டிங்ஸ், அப்டேட் அண்ட் செக்யூரிட்டி, ஆக்டிவேஷன் என்று போங்கள். ஹோமா ப்ரோவா என்பதை ஒரு காகிதத்தில் எழுதி வையுங்கள். ‘டிஜிட்டல் லைசென்ஸ்’ என்று போட்டிருந்தால், அந்த உரிமம் உங்கள் மதர்போர்டை அடையாளம் வைத்துக்கொண்டு மைக்ரோசாஃப்ட் சர்வரில் பதிவாகியிருக்கிறது என்று அர்த்தம். ஹார்ட் டிஸ்கைக் கழற்றிவிட்டு எஸ்எஸ்டி போட்டாலும் உரிமம் போகாது. அதே பதிப்பை இன்ஸ்டால் செய்து இணையத்தில் இணைத்தால் தானாக ஆக்டிவேட் ஆகிவிடும். மதர்போர்டை மாற்றினால்தான் சிக்கல்.

லேப்டாப்போடு சேர்ந்து வருவது ஓஇஎம் உரிமம். அது அந்த இயந்திரத்தோடு பிறந்து அதோடு முடிவது. வேறு கணினிக்குக் கொண்டுபோக முடியாது. தனியாகக் காசு கொடுத்து வாங்கும் ரீடெய்ல் உரிமத்தைப் பழைய கணினியிலிருந்து எடுத்துவிட்டுப் புதியதில் போட்டுக்கொள்ளலாம். மூன்றாவது, நிறுவனங்களுக்கான வால்யூம் உரிமம். அலுவலகம் கொடுத்த லேப்டாப் என்றால் பெரும்பாலும் இதுதான். உரிமம் அவர்களுடையது, கேட்காமல் கை வைக்காதீர்கள்.

இணையத்தில் அடிமாட்டு விலைக்குக் கிடைக்கும் ‘கீ’களில் (விண்டோஸை ஆக்டிவேட் செய்யும் உரிம எண்கள்) பல, இப்படி வேறு யாருக்கோ கொடுத்த வால்யூம் கீகள். இன்று வேலை செய்யும், ஒருநாள் முடக்கப்படும். உரிமம் இல்லாமலே ஆக்டிவேட் செய்வதாகச் சொல்லும் கிராக் கோப்புகள் அதைவிட மோசம். ஆன்டிவைரஸை நிறுத்திவிட்டு ஓட்டச் சொல்லும் ஒரு கோப்பை எதற்காக நம்ப வேண்டும்?

படி 2: லேப்டாப் தாங்குமா?

விண்டோஸ் 10-க்கான ஆதரவு, அதாவது வழக்கமான பாதுகாப்பு அப்டேட், 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு 4 ஜிபி ரேம், 64 ஜிபி இடம், செக்யூர் பூட் வசதி (நம்பகமான மென்பொருளை மட்டும் தொடங்கவிடுவது), டிபிஎம் 2.0 (பாதுகாப்புச் சாவிகளை வைத்திருக்கும் சிப்) ஆகியவை வேண்டும். 4 ஜிபியில் ஓடும் என்பது சரிதான். ஆனால் பிரவுசரில் நாலு டேப் திறந்தால் நொண்டும். 8 இருந்தால் நிம்மதி.

பலரைத் தடுப்பது ரேம் இல்லை, ப்ராசஸர். இன்டெல் என்றால் ஏறக்குறைய எட்டாம் தலைமுறையிலிருந்துதான் அனுமதி. பெயரிலேயே விடை இருக்கிறது: ஐ5-7200 என்றால் கோட்டுக்குப் பின்னால் வரும் 7 ஏழாம் தலைமுறை, கிடைக்காது, ஐ5-8250 என்றால் எட்டாம் தலைமுறை, கிடைக்கும். குழப்பமாக இருந்தால் மைக்ரோசாஃப்டின் ‘பிசி ஹெல்த் செக்’ செயலியை ஓட்டுங்கள், அதுவே சொல்லிவிடும்.

டிபிஎம் இல்லை என்று அது சொன்னால் உடனே மனம் தளர வேண்டாம். ப்ராசஸர் சரியாக இருந்தால் டிபிஎம் பெரும்பாலும் உள்ளேயே இருக்கும், பயாஸில் (லேப்டாப்பை ஆன் செய்ததும் முதலில் ஓடும் அடிப்படை மென்பொருள்) அணைத்து வைத்திருப்பார்கள். இன்டெலில் ‘பிடிடி’, ஏஎம்டியில் ‘எஃப்டிபிஎம்’ என்ற பெயரில் தேடி ஆன் செய்யுங்கள். ஆனால் பயாஸைத் தொடும் முன் ஒன்று: டிஸ்கைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் போட்டிருந்தால் அதன் 48 இலக்க மீட்பு எண்ணை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பயாஸ் மாறியதும் அது அந்த எண்ணைக் கேட்கும். இல்லையென்றால் கோப்புகள் எல்லாம் போச்சு.

படி 3: பேக்கப்

வெளி ஹார்ட் டிஸ்கில் எல்லாவற்றையும் நகல் எடுங்கள். நகல் எடுத்தபின் இரண்டு மூன்று கோப்புகளைத் திறந்தும் பாருங்கள். டெஸ்க்டாப், டவுன்லோட்ஸ் இரண்டையும் மறந்துவிடுகிறவர்கள்தான் அதிகம்.

படி 4அ: லேப்டாப் தகுதி உள்ளது என்றால்

சார்ஜரைச் செருகிவிட்டு, விண்டோஸ் அப்டேட்டைத் திறங்கள். 11 அங்கேயே காட்டினால் அதை அழுத்துவதோடு சரி. காட்டாவிட்டால் மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து ‘இன்ஸ்டலேஷன் அசிஸ்டன்ட்’டை இறக்கி ஓட்டுங்கள். 10-இல் ஆக்டிவேட் ஆகியிருந்தால் 11-க்குத் தனியாகக் காசு இல்லை; ஹோம் ஹோமாகவும் ப்ரோ ப்ரோவாகவும் மாறும். கோப்புகளும் செயலிகளும் அப்படியே இருக்கும். சில முறை ரீஸ்டார்ட் ஆகும், சதவீதம் ஒரே இடத்தில் நின்றதுபோல் தெரியும். பவர் பட்டனைத் தொடாமல் விட்டுவிடுங்கள்.

இப்போது இருப்பது 32-பிட் விண்டோஸ் என்றால் இந்த வழி நடக்காது. 8 ஜிபி பென்டிரைவில் இன்ஸ்டலேஷன் மீடியா தயாரித்து, அழித்துப் போட வேண்டும். உரிமம் அதேதான், கவலை வேண்டாம்.

படி 4ஆ: தகுதி இல்லை என்றால்

சோதனைகளைத் தாண்டி 11-ஐ ஏற்றும் குறுக்குவழிகள் உண்டு. ஆனால் தகுதியில்லாத கணினிக்கு அப்டேட் வரும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி தருவதில்லை. அப்டேட்டுக்காகத்தானே இந்தப் பாடு? நான் அந்த வழிக்குப் போகமாட்டேன்.

கொஞ்ச காலம் தள்ள வேண்டும் என்றால் விண்டோஸ் 10-இன் 22எச்2 பதிப்பில் இருந்துகொண்டு ‘இஎஸ்யூ’ என்ற நீட்டிப்புத் திட்டத்தில் சேரலாம். தனிநபர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் தருவதாக அது அறிவிக்கப்பட்டது. மைக்ரோசாஃப்ட் கணக்கில் செட்டிங்ஸை ஒத்திசைத்தால் இலவசம், இல்லாவிட்டால் 30 டாலர்.

நிரந்தர வழி, விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய இலவச ஓஎஸ்ஸான லினக்ஸ். அதில் பல வகை உண்டு; பழைய இயந்திரத்துக்கு லினக்ஸ் மின்ட் என்ற வகையின், எடை குறைந்த எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு எனக்குப் பிடித்தது. 2 ஜிபி ரேமிலும் எழுந்து நிற்கும். இங்கே உரிமம் என்பதன் பொருளே வேறு. லினக்ஸின் மையப் பகுதியான கர்னல், ஜிபிஎல் என்ற திறந்த உரிமத்தின் இரண்டாம் பதிப்பின் கீழ் வருகிறது: எத்தனை கணினியில் வேண்டுமானாலும் போடலாம், நகலெடுத்துக் கொடுக்கலாம், திருத்தவும் செய்யலாம். திருத்தியதை வெளியே கொடுத்தால் மூல நிரலையும் அதே உரிமத்தில் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். கீயும் இல்லை, ஆக்டிவேஷனும் இல்லை.

மின்ட்டின் ஐஎஸ்ஓ கோப்பை (முழு ஓஎஸ்ஸும் அடங்கிய ஒரே கோப்பு) இறக்கி, எட்சர் அல்லது ரூஃபஸ் என்ற செயலி கொண்டு பென்டிரைவில் எழுதுங்கள். லேப்டாப்பை ஆன் செய்ததும் எஃப்12, எஃப்9 அல்லது எஸ்கேப்பைத் தட்டிக்கொண்டே இருந்தால், எதிலிருந்து தொடங்க வேண்டும் என்று கேட்கும் பூட் மெனு வரும், அதில் பென்டிரைவைத் தேர்ந்தெடுங்கள்; எந்த விசை என்பது தயாரிப்பாளரைப் பொறுத்தது. இன்ஸ்டால் செய்யாமலே பென்டிரைவிலிருந்து முழு டெஸ்க்டாப்பும் திறக்கும். அங்கேயே வைஃபை பிடிக்கிறதா, ஒலி வருகிறதா, கீபோர்டு செட்டிங்கில் தமிழ்99 கிடைக்கிறதா என்று பாருங்கள். எல்லாம் சரி என்றால் டெஸ்க்டாப்பில் இருக்கும் இன்ஸ்டால் ஐகானை அழுத்துங்கள். ‘டிஸ்கை அழி’ என்பதைத் தேர்ந்தெடுத்தால் விண்டோஸும் கோப்புகளும் போய்விடும். மூன்றாம் படியைச் செய்யாமல் தாவி வந்தவர்கள் இங்கிருந்தே அதற்குத் திரும்பிப் போய்விடுங்கள்.

படி 5: முடிந்த பிறகு

விண்டோஸ் 11-க்கு மாறியவர்கள் முதலில் ஆக்டிவேஷன் பக்கத்தைத் திறந்து, காகிதத்தில் எழுதியதோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். ஏதாவது பிடிக்கவில்லை, பிரின்டர் வேலை செய்யவில்லை என்றால் 10 நாட்களுக்குள் செட்டிங்ஸ், சிஸ்டம், ரெக்கவரியில் ‘கோ பேக்’ அழுத்திப் பழையதற்கே திரும்பலாம். அந்தப் பத்து நாளும் டிஸ்க் கிளீனப் ஓட்டி ‘விண்டோஸ் ஓல்ட்’ ஃபோல்டரை அழித்துவிடாதீர்கள். திரும்பிப் போவதற்கான பழைய விண்டோஸ் அதற்குள்தான் இருக்கிறது.