பிஸ்டல் வாங்குவது கடைசி வேலை: டெல்லியில் துப்பாக்கி சுடப் பழகுவது எப்படி?

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் மனு பாக்கர் இரண்டு வெண்கலம் வாங்கிய அந்த வாரம், ஆர்.கே.புரத்தில் எங்கள் அலுவலக கேன்டீனில் மூன்று பேர் தனித்தனியாக வந்து ஒரே கேள்வியைக் கேட்டார்கள். "சார், எந்தத் துப்பாக்கி வாங்கலாம்?" நான் சில வருடங்களாக வாரம் இரண்டு நாள் 10 மீட்டர் ஏர் பிஸ்டல் சுடுகிறவன். பதக்கம் கிதக்கம் எல்லாம் கிடையாது, பொழுதுபோக்குதான். மூன்று பேருக்கும் ஒரே பதில்தான் சொன்னேன்: முதல் மூன்று மாதம் எதையும் வாங்காதீர்கள்.

நான் வாங்கினேன், அதனால் சொல்கிறேன். ஒரு கடைக்காரர் பேச்சைக் கேட்டு ஸ்பிரிங்கில் இயங்கும் ஏர் ரைஃபிள் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தேன். குழலை மடக்கி ஸ்பிரிங்கை ஏற்ற வேண்டும். சுட்டால் உள்ளே பிஸ்டன் ஓடி, பெல்லட் (சின்ன ஈயக் குண்டு) குழலைத் தாண்டும் முன்பே மொத்தத் துப்பாக்கியும் ஒரு உதறு உதறும். தவறு என் விரலிலா, ஸ்பிரிங்கிலா என்று கடைசிவரை தெரியவில்லை. இப்போது அது கட்டிலுக்கு அடியில், பழைய டிரங்குப் பெட்டிக்குத் துணையாகக் கிடக்கிறது.

சரி, முறையாக எப்படித் தொடங்குவது என்று பார்ப்போம்.

ரைஃபிளா, பிஸ்டலா?

புதிதாக வருபவர்களுக்கு 10 மீட்டர்தான் இடம். இரண்டிலும் 4.5 மி.மீ. ஈய பெல்லட், காற்றழுத்தம். வித்தியாசம் இலக்கு அட்டையைப் பார்த்தாலே புரியும். பிஸ்டல் அட்டையில் பத்துப் புள்ளி வட்டம் 11.5 மி.மீ., ஏறக்குறைய ஒரு சட்டைப் பொத்தான். ரைஃபிள் அட்டையில் பத்து என்பது 0.5 மி.மீ. பொட்டு, அச்சில் வரும் முற்றுப்புள்ளி அவ்வளவுதான். துளைக்கும் பெல்லட் அதைவிட ஒன்பது மடங்கு அகலம். ஆகவே ரைஃபிளில் அசைவே கூடாது. அதற்காகத்தான் கெட்டியான கோட்டு, கால்சட்டை, கையுறை, தனிக் காலணி என்று ஒரு மூட்டை. துப்பாக்கியே 5.5 கிலோ வரை இருக்கலாம்.

பிஸ்டல் ஒரு கிலோ சொச்சம். ஒற்றைக் கையில் பிடிக்க வேண்டும், இன்னொரு கை பாக்கெட்டில். கோட்டு வேண்டாம், சாதாரண பேன்ட் சட்டையே போதும். அலுவலகம் முடிந்து நேராக ரேஞ்சுக்கு (சுடும் பயிற்சி அரங்கு) போகிறவருக்கு நான் பிஸ்டலைத்தான் சொல்வேன். பள்ளிப் பிள்ளைகளுக்கு ரைஃபிள் நன்றாக வரும். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் ரைஃபிள்தான். சென்னையில் பிறந்து 2012 லண்டனில் வெண்கலம் வென்ற ககன் நாரங்கும் அதே. இனி நான் சொல்வதெல்லாம் பெரும்பாலும் பிஸ்டலைப் பற்றித்தான்.

துப்பாக்கியைத் தொடும் முன் கண்ணைச் சோதியுங்கள்

இரண்டு கைகளையும் நீட்டி, விரல்களைச் சேர்த்து நடுவே சின்னதாக ஒரு முக்கோண இடைவெளி விடுங்கள். இரண்டு கண்ணும் திறந்திருக்க, அதன் வழியே சுவர்க் கடிகாரத்தைப் பாருங்கள். இப்போது ஒவ்வொரு கண்ணாக மூடுங்கள். எந்தக் கண் மட்டும் திறந்திருக்கும்போது கடிகாரம் இடைவெளிக்குள் நிற்கிறதோ, அதுதான் உங்கள் ஆதிக்கக் கண்.

அரை நிமிட வேலை. இதைச் செய்யாமல் இரண்டு மாதம் வீணடித்தேன். வலது கைக்காரன், வலது கண்ணால் குறி பார்க்கிறேன், ஆனால் குண்டுகள் இடமும் வலமுமாகச் சிதறின. பக்கத்து லேனில் டி.டி.இ.ஏ. (தில்லித் தமிழ்க் கல்விக் கழகம்) பள்ளியில் ஒன்பதாவது படிக்கும் ஒரு பெண் சுட்டுக்கொண்டிருந்தாள். என் முகத்தையே சற்று நேரம் பார்த்துவிட்டு, "அங்கிள், உங்களுக்கு லெஃப்ட் ஐ டாமினன்ட்டா இருக்கும். செக் பண்ணினீங்களா?" என்றாள். அப்படித்தான் இருந்தது. வலது கை, இடது கண்.

இதற்கு மருந்து எளிது. கண்ணாடிச் சட்டத்தில் இடது கண்ணுக்கு முன்னால் வெள்ளை அட்டை ஒன்றைச் செருகிக்கொண்டேன். போட்டி விதிப்படி அது 30 மி.மீ. அகலத்தைத் தாண்டக் கூடாது. கண்ணை இறுக்கி மூடுவதைவிட இது எவ்வளவோ மேல். ஒரு கண்ணை மூடினால் முகத்துத் தசை இழுத்துக்கொள்ளும், பத்து நிமிடத்தில் திறந்த கண்ணும் களைத்துவிடும்.

ரேஞ்சைத் தேடுதல்

டெல்லியில் துப்பாக்கி சுடுதல் என்றால் எல்லோரும் காட்டுவது துக்ளகாபாதில் உள்ள டாக்டர் கர்ணி சிங் ரேஞ்ச். 1982 ஆசிய விளையாட்டுக்காகக் கட்டி, 2010 காமன்வெல்த் போட்டிக்காகப் புதுப்பித்தது. ஒருமுறையாவது போய் வேடிக்கை பாருங்கள். ஆனால் தினப் பயிற்சிக்கு வீட்டுக்குப் பக்கத்தில் உள்ள சின்ன ரேஞ்ச்தான் உதவும். பள்ளிக்கூட அரங்கு, கடைகளுக்குக் கீழே அடித்தளம் என்று பத்து மீட்டர் நீளம் கிடைத்த இடத்திலெல்லாம் நடத்துகிறார்கள்.

சேரும் முன் அரைமணி நேரம் சும்மா உட்கார்ந்து கவனியுங்கள். அட்டை மாற்ற யாராவது முன்னால் போகும்போது எல்லாத் துப்பாக்கியும் மேசையில் கீழே இருக்கிறதா? குழல் காலி என்று காட்டும் ஆரஞ்சு நிறப் பாதுகாப்புக் கயிறு உள்ளே தெரிகிறதா? யாராவது துப்பாக்கியைக் கையில் வைத்துக்கொண்டு திரும்பிப் பேசினால் கோச் கத்துகிறாரா? கத்தாத கோச்சிடம் சேராதீர்கள். எங்கள் கோச் முதல் நாள் முழுக்க என்னிடம் சொன்னது இரண்டே வார்த்தை: "உங்லி பாஹர்!" விரல் வெளியே. சுடும் நொடி வரும்வரை ஆள்காட்டி விரல் ட்ரிக்கர் வளையத்துக்கு வெளியேதான் இருக்க வேண்டும், குழல் இலக்கின் பக்கமே பார்க்க வேண்டும். காலித் துப்பாக்கிக்கும் இதேதான். காலியாக இருக்கிறது என்று நினைத்துத்தான் எல்லா விபத்தும் நடக்கிறது.

நிற்பது

இதில் அவசரப்படாதீர்கள். உடலின் பக்கவாட்டு இலக்கை நோக்கும்படி, கால்களைத் தோளளவு அகற்றி நில்லுங்கள். கையை நேராக நீட்டிப் பிஸ்டலை உயர்த்துங்கள், தலையை மட்டும் இலக்கின் பக்கம் திருப்புங்கள். இப்போது கண்ணை மூடி, இரண்டு மூச்சு விட்டு, திறந்து பாருங்கள். பிஸ்டல் எங்கே பார்க்கிறது? பெரும்பாலும் இடப்பக்கமோ வலப்பக்கமோ ஒதுங்கியிருக்கும். அதைக் கையால் இழுத்துச் சரிசெய்யக் கூடாது. பின்னங்காலை ஒரு அங்குலம் நகர்த்துங்கள், மறுபடி கண்ணை மூடிப் பாருங்கள். கை தானாக எங்கே போய் நிற்கிறதோ அங்கே இலக்கு இருக்க வேண்டும். எனக்கு இன்றும் ஒவ்வொரு நாளும் இதற்கே ஐந்து நிமிடம் போகிறது.

வீட்டில் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலை நீட்டிய கையில் பதினைந்து விநாடி பிடித்துப் பழகுங்கள். மனைவி சிரிப்பார், பரவாயில்லை.

சைட்டும் ட்ரிக்கரும்

சைட் என்பது குறி பார்க்கும் பாகம். பிஸ்டலின் நுனியில் சின்னக் கட்டை போல முன் சைட், பின்னால் நடுவில் வெட்டுள்ள பின் சைட். வெட்டின் நடுவே முன் சைட் நிற்க வேண்டும், இருபக்கமும் ஒரே அளவு வெளிச்சம், மேல்விளிம்பு ஒரே மட்டம். இதை அட்டையின் கறுப்பு வட்டத்துக்குக் கீழே, கொஞ்சம் வெள்ளை தெரியும்படி நிறுத்துங்கள். கண் பார்க்க வேண்டியது முன் சைட்டை. கறுப்பு வட்டம் மங்கலாகத்தான் தெரியும், தெரியட்டும்.

ஏன் இத்தனை வம்பு? கணக்குப் போட்டால் புரியும். இரண்டு சைட்டுக்கும் இடையே சுமார் 32 செ.மீ., அட்டை 10 மீட்டர் தள்ளி. அதாவது முப்பது மடங்குக்கு மேல். சைட்டுகள் நேராக இருந்து, கை மொத்தமாக 5 மி.மீ. ஆடினால் துளையும் 5 மி.மீ.தான் தள்ளும், பத்து பத்தாகவே இருக்கும். ஆனால் முன் சைட் மட்டும் 1 மி.மீ. விலகினால் துளை 3 செ.மீ. தள்ளிப்போய்க் கறுப்பின் விளிம்பில் விழும். ஏழு புள்ளி. கை ஆடுகிறதே என்று பயந்து இலக்கையே முறைப்பவர்கள் கோட்டைவிடுவது இங்கேதான். ஆடாத கை யாருக்கும் கிடையாது.

ட்ரிக்கர் எடை குறைந்தது 500 கிராம் இருக்க வேண்டும் என்பது விதி. அரை லிட்டர் மதர் டெய்ரி பால் பாக்கெட்டின் கனம். அதை இழுக்கக் கூடாது, மெல்ல மெல்ல அழுத்தத்தைக் கூட்ட வேண்டும். "இப்போ!" என்று மனம் சொல்லிச் சுண்டினால், வலது கைக்காரருக்குக் குண்டு இடப்பக்கம் கீழே, ஏழு மணி திசையில் போகும். அட்டையில் அங்கே கொத்தாக ஓட்டைகள் இருந்தால் சைட்டைத் திருகாதீர்கள், விரலைத் திருத்துங்கள்.

மூச்சை இழுத்துக்கொண்டே பிஸ்டலை இலக்குக்கு மேலே கொண்டுபோங்கள், பாதி மூச்சை விட்டபடி கீழே இறக்கி நிறுத்துங்கள், அழுத்தத் தொடங்குங்கள். ஏழெட்டு விநாடிக்குள் வெடிக்கவில்லையா? சுடாமல் இறக்கி மேசையில் வையுங்கள். இது வெட்கப்பட வேண்டிய விஷயமே இல்லை. முதல் ஆறு மாதம் எனக்கு இது வரவில்லை, தூக்கியதை எப்படியாவது சுட்டுவிட வேண்டும் என்ற கஞ்சத்தனம். சுட்ட பிறகும் ஒரு விநாடி சைட்டைப் பார்த்தபடியே நில்லுங்கள். குண்டு எங்கே போயிருக்கும் என்று அட்டையைப் பார்க்கும் முன்பே சொல்லப் பழகுங்கள்.

அட்டைகளைத் தூக்கிப் போடாதீர்கள். பின்புறம் தேதி எழுதி வையுங்கள். கிளம்பும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். பெல்லட் ஈயம், அந்தக் கையோடு சமோசா வேண்டாம்.

இப்போது வாங்கலாம்

மூன்று நான்கு மாதம் ரேஞ்சின் வாடகைப் பிஸ்டலில் சுட்டு, கொத்து ஒரே இடத்தில் விழத் தொடங்கிய பிறகு கடைப் பக்கம் போங்கள். போட்டிக்குரிய பிஸ்டல்கள் அழுத்தக் காற்று உருளையில் இயங்குபவை. ஸ்டெயர், மோரினி, வால்தர், ஃபைன்வெர்க்பாவ் என்று ரேஞ்சில் ஆளாளுக்கு ஒன்றைச் சொல்வார்கள், சண்டையும் போடுவார்கள். பத்து மீட்டரில் இவை எல்லாமே நம்மைவிடத் துல்லியமானவை. நீங்கள் பார்க்க வேண்டியது கிரிப்பை, அதாவது கைப்பிடியை. சிறியது, நடுத்தரம், பெரியது, வலது, இடது என்று வரும். பிடித்து, கண்ணை மூடி உயர்த்தி, திறக்கும்போது இரண்டு சைட்டும் தானாக நேர்கோட்டில் இருக்க வேண்டும். மணிக்கட்டை வளைத்துச் சரிக்கட்ட வேண்டியிருந்தால் அந்த கிரிப் உங்களுக்கானது இல்லை. ஆள்காட்டி விரலின் நுனிப் பகுதியின் நடுவே ட்ரிக்கர் உட்காருகிறதா என்றும் பாருங்கள்.

பழையது வாங்கினால் காற்று உருளையில் பொறித்திருக்கும் தேதியைப் படியுங்கள். இவற்றில் அடைப்பது 200 பார் அழுத்தம், கார் டயரைப் போல நூறு மடங்கு. ஜெர்மன் தயாரிப்பாளர்கள் உருளைக்குப் பத்து ஆண்டுதான் ஆயுள் தருகிறார்கள். தேதி தாண்டியதை விலை குறைவு என்று வாங்கி முகத்துக்கு நேரே பிடிக்காதீர்கள். காற்று அடைக்க எங்கே போவீர்கள் என்பதையும் முன்பே கேட்டுவையுங்கள். பெல்லட் தட்டை மூக்காக இருக்கட்டும், அட்டையில் சுத்தமான வட்டமாகத் துளை விழும். கூர்மூக்கு பெல்லட் கிழித்துவைக்கும், புள்ளி எண்ணுவதில் தகராறுதான்.

சட்டம்

2016 ஆயுத விதிகளின்படி, 4.5 மி.மீ.க்கு மேற்படாத, 20 ஜூல் ஆற்றலைத் தாண்டாத காற்றுத் துப்பாக்கிக்கு லைசென்ஸ் தேவையில்லை. அரை கிராம் பெல்லட் விநாடிக்கு 150 மீட்டரில் போனால் ஆறு ஜூல்கூட வராது, எனவே ஏர் பிஸ்டல் இதற்குள் அடங்கிவிடும். அடையாள அட்டை, முகவரிச் சான்று கொடுத்து, ரசீது வாங்குங்கள். ரசீதின் நகல் பெட்டியிலேயே இருக்கட்டும்.

பாயின்ட் 22 (0.22 அங்குலக் குழல்) போன்ற வெடிமருந்துத் துப்பாக்கி வேறு உலகம். லைசென்ஸ், காவல்துறை விசாரணை, 21 வயது எல்லாம் உண்டு. 2019 திருத்தத்துக்குப் பிறகு சாதாரண உரிமதாரர் இரண்டுக்கு மேல் வைத்திருக்க முடியாது. ஏர் பிஸ்டலில் ஒரு வருடம் போகட்டும், அப்புறம் அதை யோசிக்கலாம்.

மொட்டை மாடிப் பயிற்சி கூடவே கூடாது. தவறிய பெல்லட் அடுத்த தெருவரை போகும். குரங்குத் தொல்லைக்கு இதைத் தூக்கலாமா என்று ஒரு பக்கத்து வீட்டுக்காரர் கேட்டார். குற்றம், ஜெயிலுக்குப் போவீர்கள் என்றேன். அதோடு விட்டுவிட்டார்.

எடுத்துப் போவதில்தான் டெல்லியில் சிக்கல். மெட்ரோ வாசலில் பை ஸ்கேனருக்குள் போகும், துப்பாக்கி வடிவில் எதையும் உள்ளே விடமாட்டார்கள். பூட்டிய பெட்டியில், உருளையைக் கழற்றி, ஸ்கூட்டரிலோ காரிலோதான் கொண்டுபோக வேண்டும். ஜனவரி 26, ஆகஸ்ட் 15 நெருங்கும் வாரங்களில் நான் பெட்டியை வீட்டைவிட்டு எடுப்பதே இல்லை. ரேஞ்சில் கிரிப் தேய்ந்த அதே பழைய வாடகைப் பிஸ்டலை வாங்கிக்கொள்வேன். போன குடியரசு தின வாரம் அதில் பத்துக் குண்டுக்கு 91 வந்தது. சொந்தப் பிஸ்டலில் அந்த மாதம் 88தான்.