குறைந்த விலையில் நம்பகமான 1911 பிஸ்டல்: முதன்முறை வாங்குகிறவர்களுக்கு

அமெரிக்காவில் துப்பாக்கி சுடும் ரேஞ்சுக்குப் போய்ப் பழகும் நம் ஆட்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது: "பழைய மாடல் பிஸ்டல் ஒன்று வேண்டும். காகிதத்தில் குறி பார்த்துச் சுட மட்டும்தான். அதிகச் செலவு ஆகக் கூடாது. எதை வாங்கலாம்?" பழைய மாடல் என்று அவர்கள் சொல்வது பெரும்பாலும் 1911-ஐத்தான். ஜான் பிரௌனிங் வடிவமைத்து, 1911 மார்ச்சில் அமெரிக்க ராணுவம் ஏற்றுக்கொண்ட பிஸ்டல் அது. 1985-இல் பெரெட்டா அந்த இடத்துக்கு வரும்வரை ராணுவத்தின் அதிகாரபூர்வக் கைத்துப்பாக்கியாக இருந்தது. நம்ம ஊர் புல்லட் பைக் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்: வடிவம் பழசு, ஆனால் உதிரி பாகம் எங்கும் கிடைக்கும், ரிப்பேர் தெரிந்தவரும் எந்த ஊரிலும் இருப்பார்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தொடக்கக்காரருக்கு பிராண்ட் பெயருக்காகக் கொடுக்கும் கூடுதல் 500 டாலர் வீண். அதைத் தோட்டாவுக்குச் செலவழித்தால் குறி நேராகும்.

படி 1: உங்களுக்குச் சட்டப்படி அனுமதி உண்டா?

பலரும் தாண்டிப் போகும் படி இது. குடியுரிமை உள்ளவர்களும் கிரீன் கார்டு வைத்திருப்பவர்களும் வாங்கலாம். எச்1பி, எஃப்1 போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கி வாங்குவதையும் வைத்திருப்பதையும் மத்தியச் சட்டம் பொதுவாகத் தடுக்கிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் உண்டு. விலக்கு உங்களுக்குப் பொருந்துமா என்பதை நண்பர் சொல்வதை நம்பாமல் ஒரு வழக்கறிஞரிடம் கேளுங்கள். விசா விஷயத்தில் விளையாடக் கூடாது.

உரிமம் உள்ள கடையில் கைத்துப்பாக்கி வாங்க 21 வயது ஆகியிருக்க வேண்டும். வாங்குகிறவர் விவரம் கேட்கும் மத்திய அரசின் படிவம் 4473-ஐ நிரப்ப வேண்டும், பின்னணிச் சோதனையும் நடக்கும். மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும். டெக்சாஸில் வாங்குவதற்குத் தனி அனுமதி தேவையில்லை. நியூ ஜெர்சியில் ஒவ்வொரு கைத்துப்பாக்கிக்கும் ஒரு பர்மிட் எடுக்க வேண்டும். இல்லினாயில் எஃப்ஓஐடி என்ற துப்பாக்கி உரிமையாளர் அடையாள அட்டை வேண்டும். கலிஃபோர்னியாவில் 10 நாள் காத்திருப்பு. அதோடு மாநிலம் அங்கீகரித்த பட்டியலில் உள்ள மாடல்களைத்தான் கடைக்காரர் புதிதாக விற்க முடியும். அதனால் கலிஃபோர்னியாக்காரர்கள் மாடலை மனதில் முடிவு செய்வதற்கு முன்னால் அந்தப் பட்டியலைப் பார்த்துவிடுவது நல்லது.

இன்னொன்று. வாங்க முடியாத நண்பருக்காக உங்கள் பெயரில் வாங்கிக் கொடுப்பது மத்தியச் சட்டப்படி குற்றம். எவ்வளவு நெருங்கிய நண்பராக இருந்தாலும் சரி.

படி 2: முதலில் பாடம், அப்புறம் வாடகை

ரேஞ்சில் நடக்கும் அடிப்படைப் பாதுகாப்பு வகுப்பு ஒன்றை முடித்துவிடுங்கள். எந்தத் துப்பாக்கியையும் தோட்டா நிரம்பியதாகவே நினைக்க வேண்டும், சுடக் கூடாத எதன் மீதும் குழல் முனை திரும்பக் கூடாது, குறி பார்க்கும்வரை விரல் ட்ரிகருக்கு வெளியே இருக்க வேண்டும், குறியையும் அதற்குப் பின்னால் இருப்பதையும் தெரிந்துகொண்டே சுட வேண்டும். இந்த நான்கும் கை தானாகச் செய்யும் அளவுக்குப் பழகின பிறகு கடைக்குப் போகலாம்.

வகுப்பு முடிந்ததும் ரேஞ்சிலேயே 1911 ஒன்றை வாடகைக்கு எடுத்துச் சுட்டுப் பாருங்கள். முழு இரும்பு, 5 அங்குலக் குழல், காலியாகவே ஏறக்குறைய 1.1 கிலோ எடை. சிலருக்கு அந்தக் கனம் பிடிக்காது. குறி சுடுவதற்கு அந்தக் கனம்தான் நல்லது. பின்னுதைப்பை அது விழுங்கிக்கொள்ளும்.

1911-இன் ட்ரிகர் மற்ற பிஸ்டல்களில் இருப்பது போல ஒரு முனையில் கீல் வைத்துச் சுழலாது. நேராகப் பின்னோக்கி வழுக்கும். ஹேமர் (பின்பக்கம் இருக்கும் சின்னச் சுத்தியல்) ஏற்கெனவே பின்னால் இழுத்து வைக்கப்பட்டிருப்பதால் விரலுக்குக் கொஞ்சம்தான் வேலை. நூறு வருடம் தாண்டியும் போட்டிச் சுடுநர்கள் இதை விடாததற்கு முக்கியக் காரணம் இந்த ட்ரிகர்தான்.

படி 3: .45-ஆ, 9 எம்எம்-ஆ?

1911 பிறந்தது .45 ஏசிபி தோட்டாவுக்காக. 230 கிரெய்ன் எடையுள்ள குண்டு, மெதுவாகத் தள்ளும் உதைப்பு. பழைய ஆட்கள் ".45 இல்லாவிட்டால் அது 1911-ஏ இல்லை" என்பார்கள். அவர்கள் சொல்வதிலும் நியாயம் உண்டு: மேகசின் (தோட்டா அடுக்கும் பெட்டி), ஃபீட் ராம்ப் (தோட்டா குழலுக்குள் ஏறும் சரிவு) எல்லாம் அந்த நீளமான தோட்டாவுக்காக வடிவமைக்கப்பட்டவை.

ஆனால் கணக்கைப் பாருங்கள். 9 எம்எம் பயிற்சித் தோட்டா ஒன்று சுமார் 25 சென்ட். .45 சுமார் 45 சென்ட். வாரம் 100 தோட்டா சுட்டால் வருடத்துக்கு ஏறக்குறைய 5,000. முதலாவதற்கு 1,250 டாலர், இரண்டாவதற்கு 2,250 டாலர். வித்தியாசம் ஆயிரம் டாலர். அதில் இன்னொரு பிஸ்டலே வாங்கிவிடலாம். விலை ஏறி இறங்கும், விகிதம் பெரிதாக மாறாது.

அதனால் வாரா வாரம் சுடப் போகிறவர்களுக்கு என் சிபாரிசு 9 எம்எம் 1911. கனமான இரும்பு உடலில் 9 எம்எம் சுட்டால் உதைப்பு மிகக் குறைவு, கண்ணை மூடும் பழக்கம் வராது. புல்ஸ்ஐ என்ற துல்லியக் குறி சுடும் போட்டிக்குப் போகும் எண்ணம் இருந்தால் மட்டும் .45 எடுங்கள். அந்தப் போட்டியில் .22, சென்டர்ஃபயர் (அடியின் நடுவில் வெடிக்கும் தோட்டா), .45 என்று மூன்று பிரிவு உண்டு, ஒரே .45 பிஸ்டலைக் கடைசி இரண்டுக்கும் வைத்துக்கொள்ளலாம்.

படி 4: எந்தக் கம்பெனி?

வடிவத்தின் காப்புரிமை எப்போதோ முடிந்துவிட்டது. யார் வேண்டுமானாலும் செய்யலாம், செய்கிறார்கள்.

சிக்கனம் முக்கியம் என்றால் இரண்டு பெயர். பிலிப்பைன்ஸின் மரிக்கினா நகரில் ஆர்ம்ஸ்கோர் செய்யும் ராக் ஐலண்ட். துருக்கியின் டிராப்சோனிலிருந்து வரும் டிசாஸ். இரண்டும் மாடலைப் பொறுத்துச் சுமார் 400 முதல் 600 டாலருக்குள் கிடைக்கும். மேல் பூச்சு பளபளக்காது, ஓரங்கள் கொஞ்சம் கூராக இருக்கலாம். ஆனால் வேலை செய்யும்.

அடுத்த படியில் 800 முதல் 1,000 டாலருக்கு ஸ்பிரிங்ஃபீல்டும் ரூகர் எஸ்ஆர்1911-ம். கோல்ட்டின் குதிரை முத்திரைக்கு அதற்கும் மேல். அந்த முத்திரை எனக்கும் பிடிக்கும், ஆனால் அது டார்கெட்டில் ஓட்டை போடாது. பொதுமக்களின் துப்பாக்கிப் பயிற்சிக்கான சிஎம்பி அமைப்பு விற்கும் ராணுவத்தின் பழைய 1911 சேகரிப்பாளர்களுக்கானது. பயிற்சிக்கு அதை வாங்காதீர்கள்.

ஒரே கம்பெனியில் இரண்டு வகை இருக்கும்: பழைய ராணுவப் பாணி, நவீனப் பாணி. ராணுவப் பாணியில் பார்வைக் குறிகள் மிகச் சின்னவை. முன்னால் ஒரு மெல்லிய இரும்புத் துண்டு, பின்னால் ஒரு சிறு பள்ளம். நாற்பது வயதைத் தாண்டின கண்ணுக்கு அது சோதனைதான். ஹேமர் பின்னால் வரும்போது சதைப்பற்றான கையைக் கடிக்கவும் செய்யும். 50, 100 டாலர் கூடினாலும் பெரிய பார்வைக் குறியும், கையைக் காக்கும் நீண்ட வால் வைத்த கிரிப் சேஃப்டியும் (உள்ளங்கை அழுத்தினால்தான் சுட விடும் பாகம்) உள்ள மாடலை எடுங்கள். பின்னால் தனியாக மாற்றப் போனால் வேலை தெரிந்தவருக்குக் கொடுக்கும் கூலி அதைவிட அதிகம்.

படி 5: கடையில் கையில் எடுத்துப் பார்ப்பது

கடைக்காரர் கொடுத்ததும் மேகசினைக் கழற்றி, ஸ்லைடை (முன்பின் நகரும் மேல் பாகம்) பின்னால் பூட்டி, சேம்பர் (குழலில் தோட்டா உட்காரும் இடம்) காலியா என்று கண்ணாலும் சுண்டு விரலாலும் பாருங்கள். அவர் பார்த்துவிட்டுத்தான் கொடுத்திருப்பார். நீங்களும் பார்க்க வேண்டும்.

ஸ்லைடை மூடும்போது பொத்தானை அழுத்திப் படாரென்று விடாதீர்கள். காலி சேம்பர் மீது 1911-இன் ஸ்லைடை அடிக்க விட்டால் ட்ரிகர் பாகங்களின் கூர் முனை தேயலாம் என்பார்கள். கடையில் எல்லாரும் திரும்பிப் பார்ப்பதும் உண்டு. கையால் பிடித்து மெதுவாகக் கொண்டுபோய் விடுங்கள். அப்புறம், ட்ரிகரை இழுத்துப் பார்க்க அனுமதி கேளுங்கள்.

இப்போது பரிசோதனை. ஹேமரை இழுத்து வைத்து, கட்டை விரல் சேஃப்டியை மேலே தள்ளி, ட்ரிகரை அழுத்துங்கள். ஹேமர் அசையக் கூடாது. ட்ரிகரை விட்டுவிட்டு சேஃப்டியைக் கீழே இறக்குங்கள். அப்போதும் விழக் கூடாது. இதன் பிறகு, முனையைப் பத்திரமான பக்கம் வைத்துக்கொண்டே, ஹேமரைக் காதுக்கு அருகில் வருமாறு பிடித்து விரலால் லேசாகப் பின்னால் இழுங்கள். 'டிக்' என்று மெல்லிய சத்தம் கேட்டால் சேஃப்டி போட்டிருந்தபோதும் உள்ளே ஹேமரைப் பிடித்து நிறுத்தும் சியர் கொஞ்சம் நகர்ந்திருக்கிறது என்று பொருள். அந்தப் பிஸ்டலைத் திருப்பிக் கொடுத்துவிட்டு இன்னொன்றைக் கேளுங்கள்.

அடுத்து கிரிப் சேஃப்டி. உள்ளங்கை அதை அழுத்தாதபடி பிடித்து ட்ரிகரை இழுங்கள். ஹேமர் விழக் கூடாது.

கடைசியாக, குறி சுடுகிறவர்களுக்கு மிக முக்கியமானது. ஸ்லைடு மூடியிருக்கும்போது, காலித் தோட்டா வெளியேறும் துளையில் குழலின் பின்பகுதி தெரியும். அதைக் கட்டை விரலால் கீழே அழுத்துங்கள். கல் மாதிரி நின்றால் நல்லது. ஆட்டம் தெரிந்தால், ஒவ்வொரு முறை சுடும்போதும் குழல் வேறு இடத்தில் உட்காரும், குண்டும் வேறு இடத்துக்குப் போகும். குழல் முனையையும் அதைச் சுற்றியிருக்கும் புஷிங்கோடு சேர்த்து ஆட்டிப் பாருங்கள். ஸ்லைடுக்கும் அதைத் தாங்கும் உடல் பாகத்துக்கும் நடுவில் லேசாகக் கடகடப்பது பரவாயில்லை. பார்வைக் குறிகள் ஸ்லைடின் மேல்தான் இருக்கின்றன; குழலும் ஸ்லைடும் ஒட்டி நின்றால் போதும்.

பழையது வாங்குகிறீர்களா? இடது பக்கம் ஸ்லைடைப் பின்னால் பூட்டும் ஸ்லைடு ஸ்டாப்புக்குக் கீழே வளைவான கீறல் ஒன்று இருக்கும். கழற்றி மாட்டுகிறவர் கவனிக்காமல் போட்டது. சுடுவதை அது துளியும் பாதிக்காது. பேரம் பேச நல்ல பிடி.

படி 6: மேகசின்

1911 சிக்குகிறது என்று புலம்புகிறவர்கள் முதலில் சந்தேகப்பட வேண்டியது மேகசினை. பிஸ்டலோடு வருவது ஒன்றோ இரண்டோ; மெக்-கார் அல்லது வில்சன் காம்பாட் மேகசின் இன்னும் இரண்டு வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் தோட்டா அளவுக்கானதா என்று பார்த்து வாங்குங்கள். அடியில் மார்க்கரால் 1, 2, 3 என்று எண் போடுங்கள்.

படி 7: முதல் 200 தோட்டா

வீட்டுக்கு வந்ததும் கழற்றித் துடைத்து, ஸ்லைடு ஓடும் தடத்திலும் குழலின் மேற்புறத்திலும் எண்ணெய் தாராளமாக விடுங்கள். புது 1911 வறண்டு ஓடுவதை விரும்பாது.

ரேஞ்சில் உருண்டை முனைச் சாதாரணத் தோட்டா போதும்: .45 என்றால் 230 கிரெய்ன், 9 எம்எம் என்றால் 115. எங்காவது சிக்கினால், முனையை டார்கெட் பக்கமே வைத்துச் சரிசெய்துவிட்டு, அது எந்த எண் மேகசின் என்று குறித்துக்கொள்ளுங்கள். ஒரே மேகசினில் மட்டும் சிக்கினால் அதைத் தூக்கிப் போடுங்கள். எல்லாவற்றிலும் காலித் தோட்டா வெளியேறாமல் மாட்டிக்கொண்டால் அதை இழுத்து எடுக்கும் கொக்கியான எக்ஸ்ட்ராக்டரின் இறுக்கம் சரியில்லை, வாரண்டியில் அனுப்புங்கள். நீங்களே வளைத்துப் பார்க்க வேண்டாம்.

துல்லியம் பார்க்க பி-8 டார்கெட்டை 25 யார்டில் வையுங்கள். அதன் பத்துப் புள்ளி வட்டம் 3.36 அங்குலம். மணல் பை மீது கையை ஊன்றி மெதுவாகச் சுட்ட ஐந்தும் அதற்குள் விழுந்தால், அந்த விலைக்கு இதைவிட எதிர்பார்க்க முடியாது. ஊன்றாமல் சுடும்போது 7 யார்டில் தொடங்குங்கள். 25-க்குப் போக அவசரம் வேண்டாம்.

கண்ணாடியும் காதடைப்பும் எப்போதும். சுட்டு முடித்ததும் ஈயத் தூள் போகச் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டு அப்புறம் சாப்பிடுங்கள். கடையில் பிஸ்டலோடு பூட்டு ஒன்று தருவார்கள், சட்டப்படி தர வேண்டும். வீட்டில் குழந்தைகள் இருந்தால் அது மட்டும் போதாது, சின்ன இரும்புப் பெட்டகம் வாங்குங்கள். தோட்டாவைத் தனியாகப் பூட்டி வையுங்கள்.

கம்பெனி ட்ரிகரை மாற்றும் ஆசை சீக்கிரமே வரும். முதல் 2,000 தோட்டா வரை தள்ளிப் போடுங்கள்; சுடச் சுட அதுவே மென்மையாகும். அந்த நேரத்தில் ஸ்லைடைத் திரும்ப முன்னால் தள்ளும் ரீகாயில் ஸ்பிரிங் புதிதாக ஒன்று மட்டும் வாங்கி மாட்டுங்கள். 5 அங்குல .45-க்கு வழக்கமான அளவு 16 பவுண்டு. 9 எம்எம்-க்கு அதைவிட மென்மையானது வரும், கையேட்டைப் பார்த்து வாங்குங்கள்.