மனச்சோர்வு மாத்திரையால் ஆசை குறைந்தால்

செர்ட்ராலின் என்ற மனச்சோர்வு மாத்திரை 100 மில்லிகிராம் ஆரம்பித்து ஆறு வாரத்தில் என் அழுகை நின்றது. ஆனால் உடலுறவில் ஆசையும் போனது, உச்சம் வரவேயில்லை. கணவர்மேல் அன்பு குறைந்துவிட்டதோ என்று பயந்தேன். அப்படியில்லை. மூளையில் செரோடோனின் என்ற ரசாயனத்தைக் கூட்டும் மாத்திரைகளில் இது அடிக்கடி வருகிற பக்கவிளைவு.

மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். நான் நான்கு நாள் நிறுத்தினேன்: தலைசுற்றல், மண்டைக்குள் ஷாக் அடிப்பது போன்ற உணர்வு, தூக்கமே இல்லை.

டாக்டரிடம் சொல்லக் கூச்சமாக இருந்தால் எழுதிக் கொடுங்கள். நான் துண்டுச் சீட்டில் எழுதினேன்: "ஆசை இல்லை. ஈரப்பசை இல்லை. உச்சம் வருவதில்லை. மாத்திரைக்கு முன்பு இப்படி இல்லை." கடைசி வரி ரொம்ப முக்கியம், ஏனென்றால் மனச்சோர்வும் தைராய்டு கோளாறும்கூட ஆசையைக் குறைக்கும். டாக்டர் அளவைக் குறைக்கலாம், மிர்டாசபின், புப்ரோபியான் போன்ற வேறு மனச்சோர்வு மாத்திரைக்கு மாற்றலாம். வலிப்பு வந்திருந்தால் மறைக்காதீர்கள், புப்ரோபியான் ஆகாது. எனக்கு 75ஆகக் குறைத்தார், அதுவே போதுமானதாக இருந்தது.

ரிஸ்பெரிடோன் என்ற மனநோய் மருந்து எடுப்பவர்கள் மாதவிலக்கு நின்றாலோ மார்பில் பால் கசிந்தாலோ புரோலாக்டின் (பால் சுரக்க வைக்கும் ஹார்மோன்) ரத்தப் பரிசோதனை பற்றிக் கேளுங்கள்.

அப்புறம், வறட்சிக்கு மருந்துக்கடையில் எண்ணெய் இல்லாத, தண்ணீர் அடிப்படையிலான வழுக்கு ஜெல் கிடைக்கும். ஆணுறை பயன்படுத்தினால் தேங்காய் எண்ணெய் வேண்டாம், கிழிந்துவிடும். உறவுக்குச் சற்று முன் அரை மணி நேரம் வேகமாக நடப்பதும் உதவும்.

கணவரிடம் நான் சொன்னது இவ்வளவுதான்: "உங்கமேல கோபமில்லைங்க, இது மாத்திரையோட வேலை." அன்றிரவு அவர் வெகுநேரம் என் கையைப் பிடித்துக்கொண்டே இருந்தார்.