மினி லிவர் மாடல்ல எங்கெல்லாம் சொதப்புறாங்க?

புது மருந்து கல்லீரலை கெடுக்குமான்னு பாக்க லேப்லயே குட்டி லிவர் திசு செய்றாங்க இல்லையா, அதுல பாதி பேர் முதல் அடியிலயே சறுக்குறாங்க, அதாவது சீப்பா கிடைக்குது சீக்கிரம் வளருதுன்னு ஹெப்-ஜி2ங்கிற லிவர் கேன்சர் செல்லை உருட்டி வச்சு இதான் லிவர்னு நம்பிடறாங்க. பாரசிட்டமாலையே எடுத்துக்கோங்க, அது நேரா விஷம் கிடையாது, லிவர்ல இருக்குற சைட்டோக்ரோம் பி450 என்சைம்தான் அதுல ஒரு பங்கை நாப்கிங்கிற விஷமா மாத்தும், டோஸ் அதிகமானா அது செல்லை காப்பாத்துற குளூட்டாதையோனை காலி பண்ணிட்டு செல்லை கொல்லும். ஹெப்-ஜி2ல அந்த என்சைம் ரொம்ப கம்மி, அப்புறம் மருந்து சேஃபா தெரியாம என்ன செய்யும்?

சரி, மனுஷ லிவர் செல்லையே வாங்கிட்டோம்னு தட்டுல தட்டையா பரப்புனாலும் சில நாள்லயே என்சைம் வேலை இறங்கிடும். அதனாலதான் உருண்டையா வளர்க்குறது. ஆனா உருண்டை பெருசா இருந்தா நல்லதுன்னு நினைக்காதீங்க, ஒரு 200 மைக்ரான் தாண்டிட்டா நடுவுல ஆக்சிஜன் சரியா போகாது, உள்ள தானா செத்த செல்லுக்கும் பழி மருந்து மேலதான் விழும். மீடியம், அதாவது செல் வளர்ற ஊட்டத் திரவம், அதை மாத்துறப்போ முழுசா உறிஞ்சாதீங்க, பிப்பெட் டிப்பை சுவரோரமா வச்சு பாதி எடுத்தா போதும், இல்லன்னா உருண்டையும் சேந்து போயிடும்.

எனக்கு ரொம்ப கோவம் வர்றது ரெண்டு நாள் டெஸ்ட்டை பாத்தாதான். 1993ல அமெரிக்காவோட என்ஐஹெச்ங்கிற அரசு மருத்துவ ஆய்வு நிறுவனத்துல ஹெபடைடிஸ் பிக்கு ஃபியாலூரிடின்ங்கிற மருந்தை குடுத்து பாத்தாங்க, 15 பேர்ல 7 பேருக்கு லிவர் ஃபெயிலியர், அதுல 5 பேர் செத்துட்டாங்க, மத்த ரெண்டு பேர் மாற்று கல்லீரல் வச்சுதான் பொழைச்சாங்க. அதுக்கு முன்னாடி விலங்குல பண்ண டெஸ்ட் எதுவும் இதை காட்டிக்குடுக்கல. மருந்து மைட்டோகாண்ட்ரியாவோட டிஎன்ஏக்குள்ள புகுந்து மெதுவா கெடுத்துச்சு, வாரக்கணக்குல போனப்புறம்தான் வெளிய தெரிஞ்சுது. இந்த மாதிரி மருந்தை பிடிக்கணும்னா ரெண்டு வாரமாவது திரும்பத்திரும்ப டோஸ் குடுக்கணும், கடைசில செல் உயிரோட இருக்கான்னு காட்டுற ஏடிபி மட்டும் பாக்காம நடுநடுவுல லிவர் செல் தயாரிக்கிற ஆல்புமின், யூரியாவும் பாக்கணும், செல் சாகுறதுக்கு முன்னாடியே அதுங்க இறங்க சான்ஸ் இருக்கு.

ஹெபடோசைட்ங்கிற லிவரோட முக்கிய செல் மட்டும் போதும்னு விடறதும் தப்புதான். ட்ரோவாஃப்ளாக்சசின்ங்கிற ஆன்டிபயாட்டிக்கை தனியா குடுத்தா சாதுவா இருக்கும், லிவர்ல இருக்குற நோய் எதிர்ப்பு செல்லான குப்ஃபர் செல்லும் அழற்சியும் சேந்தாதான் பல்லை காட்டும். பக்கத்துலயே லெவோஃப்ளாக்சசினையும் ஓட்டுங்க, அதே குடும்பம்தான் ஆனா இந்த வம்பு இல்ல, அதையும் உங்க மாடல் விஷம்னு சொன்னா கோளாறு மாடல்லதான்.

குட்டி சிப்புக்குள்ள மீடியத்தை ஓடவிட்டு செல் வளர்க்குறவங்க, அந்த சிப்பை செய்யுற பிடிஎம்எஸ் சிலிகோனை கொஞ்சம் சந்தேகப்படுங்க, எண்ணெயில கரையுற மருந்தை அதுவே குடிச்சிடும், நீங்க ஊத்துன அளவு ஒண்ணு செல்லுக்கு போன அளவு ஒண்ணு, வெளிய வர்ற மீடியத்துல அளந்து பாத்தாதான் தெரியும். மருந்தை கரைக்கிற டிஎம்எஸ்ஓ திரவம், மருந்து போடாத கன்ட்ரோல்லயும் அதே அளவு இருக்கணும். அப்புறம் செல் குடுத்த ஒரே ஆளோட (டோனர்) செல்லை வச்சு முடிவு எழுதாதீங்க, என்சைம் அளவு ஆளுக்கு ஆள் மாறும்.